காசு கேளுங்க, காகிதம் கேட்காதீங்க!

(இரண்டாம் ஆண்டு அமைப்பியல் மாணவி, கொடும்பாளூர்)

ஆண்டு மலருக்குத் தண்ணீரைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றதும் மலர்க்குழு அண்ணன் ஒருவர், "வள்ளுவர்ல ஆரம்பிச்சிரு, வான் சிறப்பு இருக்கு, பாதிப் பக்கம் ஓடிரும்" என்றார். கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே மழையை வைத்துவிட்டார் வள்ளுவர். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? மழை வானத்திலிருந்து வருகிறது. நான் எழுத வந்தது குழாயில் வருகிற தண்ணீரைப் பற்றி. அது ஆபீஸிலிருந்து வருகிறது!

வீட்டுக்கு ஒரு குடிநீர் இணைப்பு வேண்டும் என்று போய் நில்லுங்கள். வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, "வீட்டு வரி ரசீது கொண்டாந்தீங்களா?" வரி பாக்கி இருக்கக்கூடாது. ரசீது யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் மனு. அதன் பிறகுதான் டெபாசிட், ரோட்டை வெட்டினால் அதற்கு ஒரு கட்டணம், மாதா மாதம் தண்ணீர்க் கட்டணம் எல்லாம். இந்தக் கட்டணங்களில் எதையும் எதிர்த்து நான் எழுதவில்லை. என் சண்டை அந்த முதல் கேள்வியோடு மட்டும்தான்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான்தான். ஆகவே வீட்டுக்கு வருகிற காகிதமெல்லாம் என் கைக்கு வரும். ரேஷன் கார்டு, நூறு நாள் வேலை அட்டை, பேங்க் புத்தகம், கரண்ட் அட்டை. எதிர்வீட்டு அப்பத்தா தன் மகன் அனுப்பிய ரிஜிஸ்டர் தபாலைக் கூட என்னிடம்தான் பிரிக்கக் கொடுக்கும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த உங்களில் பலருக்கும் இந்த உத்தியோகம் உண்டு என்று நினைக்கிறேன். சம்பளம் கிடையாது, ஆனால் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது.

எங்கள் வீட்டுத் தண்ணீர் ரசீதில் மாதம் 30 ரூபாய் என்று இருக்கிறது. வருஷத்துக்கு 360. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் பதினெட்டுக் குடம். மாதத்துக்கு 8,250 லிட்டர். முப்பது ரூபாய்க்கு அது கிடைத்தால் ஒரு ரூபாய்க்கு 275 லிட்டர்! கடையில் 20 லிட்டர் கேன் ஒன்றே எங்கள் பக்கம் முப்பது, முப்பத்தைந்து. ஒரு கேன் காசில் ஒரு மாதத் தண்ணீர். யாரும் கேன் தண்ணீரில் துணி துவைக்கப் போவதில்லை, அது தெரியும். ஆனாலும் "தண்ணிக்கெல்லாம் காசா?" என்று டீக்கடையில் சலித்துக்கொள்கிற பெரியவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓட கரண்ட் வேண்டும். தொட்டி ஆபரேட்டருக்குச் சம்பளம் வேண்டும். வால்வு போனால் மாற்ற வேண்டும். முப்பது ரூபாயை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கட்டும். ரசீது கையில் இருந்தால் தண்ணீர் வராத நாளில் போய்க் கேட்க வாய் வரும்.

(இதில் இன்னொரு வேடிக்கை. எங்கள் பாடத்தில் பாதாளச் சாக்கடை உள்ள நகரத்து ஆளுக்கு 135 லிட்டர் என்று படிக்கிறோம். கிராமத்து ஆளுக்கு 55. மாட்டையும் கழுவி, களத்து மண்ணோடு வருகிற ஆளையும் கழுவ வேண்டிய ஊருக்குத்தான் குறைச்சல்! அதை இன்னொரு மலரில் எழுதுகிறேன்.)

சரி, காசு கட்டத் தயாராக இருந்தும் இணைப்பு கிடைக்காதவர்கள் யார்? எனக்குத் தெரிந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஊர்ப் பேர் வேண்டாம். அந்த ஆபீஸ்களில் இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் கையில் இருக்கிற விதி அப்படி.

ஒருவர் என் அக்கா. கல்யாணம் ஆகி ஒரு டவுனில் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். ஐந்து குடும்பம், ஒரே குழாய். தண்ணீர் விடுகிற நாளில் அரைமணி நேரம் வரும். அதில் முதல் பங்கு வீட்டுக்காரர் தொட்டிக்கு. மிச்சத்தை ஐந்து பேரும் பிரித்துக்கொள்ள வேண்டும். குடம் வைக்கிற வரிசையில் சண்டை வந்து இப்போது இரண்டு வீட்டுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. "நாமளே தனியா ஒரு இணைப்பு எடுத்திருவோம், டெபாசிட் எவ்வளவானாலும் கட்டிர்றேன்" என்று மாமா போய்க் கேட்டார். சொந்தப் பேரில் வரி ரசீது கேட்டார்கள். வாடகைக்கு இருப்பவரிடம் அது ஏது? வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். வீட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் சொன்னது, "ஒங்களுக்குக் குடுத்தா அஞ்சு பேரும் கேப்பாக. நாளைக்கு நீங்க காலி பண்ணிட்டுப் போயிட்டா பாக்கிய யாரு தம்பி கட்டுறது? என் வரியிலல்ல வந்து ஏறும்?" அவர் பயத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொருவர் என் சித்தி. வேறொரு கிராமத்தில் ஏரிக்கரைப் புறம்போக்கில் முப்பது வருஷமாக இருக்கிறார்கள். சித்தியிடம் ரேஷன் கார்டு இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, ஆதார் இருக்கிறது, வீட்டில் கரண்ட் மீட்டர் கூட ஓடுகிறது. வீட்டு வரி ரசீது மட்டும் இல்லை. "வரி போட்டா நாளைக்கு அதையே காட்டி பட்டா கேப்பீங்க" என்று வரி போட மாட்டார்கள். வரி இல்லாததால் குழாய் இல்லை. மற்ற தெருக்களுக்கெல்லாம் குழாய் போட்டுக்கொண்டே வந்தவர்கள் சித்தி தெரு முனையில் எண்ட் கேப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ஏரிக்கரையில் வீடு, குடிதண்ணீருக்கு அடுத்த தெரு! "காசு வேணாம்னா சொன்னேன்? வாங்கவே மாட்டேங்கிறாகளேத்தா" என்று சித்தி சொன்னபோதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு எனக்குக் கிடைத்தது.

இப்போது நண்பர்களே, அந்தக் கரண்ட் மீட்டரைக் கவனியுங்கள். அதே வீடு, அதே சித்தி. கம்பி உள்ளே வந்துவிட்டது, குழாய் வரவில்லை. ஏன்? 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, கட்டடத்தின் உரிமையாளர் கேட்டாலும் சரி, அதில் குடியிருப்பவர் கேட்டாலும் சரி, மின்சாரம் கொடுக்க வேண்டும் என்கிறது. "அல்லது குடியிருப்பவர்" என்கிற இரண்டே வார்த்தைதான் வித்தியாசம். தமிழ்நாடு மின்பகிர்மான விதித் தொகுப்பு இன்னும் ஒரு படி போகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன செய்வது என்று அதிலேயே வழி இருக்கிறது. முறைப்படி குடியிருப்பதற்கு ஒரு சான்று காட்ட வேண்டும். நஷ்டம் வந்தால் நானே பொறுப்பு என்று ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். காப்புத் தொகை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கட்ட வேண்டும். அவ்வளவுதான், இணைப்பு உண்டு. வாடகைக்காரர் பாக்கி வைத்துவிட்டு ஓடினால் அந்த இரண்டு மடங்குத் தொகையில் பிடித்துக்கொள்ளலாம். என் அக்கா வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு மின்வாரியத்திடம் எப்போதோ பதில் இருக்கிறது! குடிநீர் விதி எழுதியவர்கள் பக்கத்து ஆபீஸில் கேட்டிருந்தால் கூடக் கொடுத்திருப்பார்கள்.

தண்ணீரும் கரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்று இல்லைதான். எங்கள் அப்பத்தா பாதி ஆயுளைச் சிம்னி விளக்கில் கழித்தது. தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் கழித்திருக்கும்?

என் வகுப்பிலேயே இதை எதிர்த்துப் பேசுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதம் சித்தியைப் பற்றியது. "ஏரிப் புறம்போக்குக்குக் குழாய் போட்டுக் கொடுத்தா ஆக்கிரமிப்ப நீயே நிரந்தரமாக்குற. ஏரிகளைக் காப்பாத்தத் தமிழ்நாட்டில 2007லயே சட்டம் இருக்கு, அது என்ன ஆவுறது?" நல்ல கேள்வி. ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நானும் அதே கட்சிதான். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத புதுக்கோட்டைச் சீமையில் பிறந்துவிட்டு ஏரியை விட்டுக்கொடுக்க முடியுமா? சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் இடத்தில், எங்கள் கொடும்பை நெடுங்குளத்துக் கரையில்தான் பாதை மூன்றாகப் பிரிகிறது. ஒரு காப்பியத்துக்கே கைகாட்டி மரமாக நின்றது ஒரு குளம். (அந்தக் குளத்தில் எல்லாரையும் ஒரே துறையில் இறங்க விட்டார்களா என்பது வேறு கதை. பழம்பெருமை பேசும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.)

ஆனால் ஏரியை மீட்பது என்றால் நோட்டீஸ் கொடுத்து, மாற்று இடம் கொடுத்து, முறையாகச் செய்ய வேண்டும். தாகத்தை வைத்துக் காலி செய்ய வைப்பது முறையா? இதே வழக்கு மும்பையில் நடந்திருக்கிறது. அங்கே 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்குப் பிறகு வந்த குடிசைகளுக்குத் தண்ணீர் கிடையாது என்று மாநகராட்சி வைத்திருந்தது. பானி ஹக் சமிதி என்ற அமைப்பு வழக்குப் போட்டது. 2014 டிசம்பர் 15 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குடியிருக்கிற கட்டடம் சட்டவிரோதம் என்பதற்காக ஒருவருக்குக் குடிதண்ணீரை மறுக்க முடியாது, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிற உயிர் வாழும் உரிமையில் தண்ணீரும் அடக்கம் என்றது. அதற்காக மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே அளவில், அதே முறையில் கேட்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை என்றது. கட்டணம் கூடுதலாக வைத்துக்கொள்ளவும் மாநகராட்சிக்கு இடம் கொடுத்தது. அதாவது குழாய் வேறு, பட்டா வேறு. 2022ல் மும்பை மாநகராட்சியே எல்லாருக்கும் தண்ணீர் என்று ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. சித்தி எழுதிக் கொடுக்கத் தயார். "இந்தக் குழாயைக் காட்டி நிலம் கேட்க மாட்டேன்" என்று ஒரு வரி. கரண்டுக்கு அப்படித்தான் எழுதி வாங்கினார்கள்.

அமைப்பியல் படிக்கிறவள் என்ற முறையில் இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இணைப்பு மறுத்தால் தண்ணீர் மிச்சமாகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தலைகீழ். முறையான இணைப்பு எப்படிக் கொடுக்கிறார்கள்? மெயின் பைப்பைச் சுற்றிச் சேடில் மாட்டி, அளவாகத் துளை போட்டு, ஃபெரூல் வைத்து, அதிலிருந்து அரை இஞ்சுக் குழாய் எடுக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்பதை அந்தச் சின்னப் பித்தளைத் துண்டுதான் தீர்மானிக்கிறது. மனு கொடுத்துக் கிடைக்காதவன் என்ன செய்கிறான்? ராத்திரியில் பைப்பில் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, டியூப் சுற்றிக் கட்டி விடுகிறான். அது இருபத்துநாலு மணி நேரமும் கசியும். தண்ணீர் நிறுத்திய நேரத்தில் அந்த ஓட்டை வழியே சாக்கடையும் உள்ளே போகும். அந்தத் தண்ணீரைத்தான் வரி கட்டி, டெபாசிட் கட்டி, ஒழுங்காக இணைப்பு வாங்கியவரும் குடிக்கிறார். பத்து மீட்டர் உயரத் தொட்டி கொடுக்கிற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோதான். அதில் வழியெல்லாம் ஓட்டை என்றால் கடைசி வீட்டுக்கு என்ன போய்ச் சேரும்? கடைசி வீட்டுக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சுவார், அதற்கு அடுத்த வீட்டுக்கு அதுவும் போகாது. விதியால் வெளியே தள்ளப்பட்டவர்களால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் நஷ்டம்.

அப்படியானால் எந்தக் காகிதத்தைக் கேட்பது? ஒன்றுமே கேட்காமல் கொடு என்று நான் சொல்லவில்லை. ரேஷன் கார்டு கேளுங்கள். ஒரு கார்டு என்றால் ஒரு அடுப்பு, ஒரு அடுப்பு என்றால் ஒரு குடும்பம். அரசாங்கமே அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு வீட்டு வரி ரசீதா கேட்டார்கள்? ரேஷன் கார்டை வைத்துத்தான் கார்டுக்கு ஒருவர் என்று விண்ணப்பம் வாங்கினார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே வந்த எனக்கு மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் வருகிறது. அதற்கும் எங்கள் நிலத்துப் பட்டாவை யாரும் கேட்கவில்லை. ஆயிரம் ரூபாய் கொடுப்பதற்கு ஒரு குடும்பத்தை அடையாளம் தெரிகிறது. ஆயிரம் ரூபாய் டெபாசிட் வாங்குவதற்கு மட்டும் தெரியாமல் போய்விடுமா?

ரேஷன் கார்டில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அதைச் சொல்லும்போது எங்கள் ஊர் மூவர் கோயில் ஞாபகம் வருகிறது. சுற்றுலா போனபோது நம்மில் பலர் அங்கே போட்டோ எடுத்திருக்கிறோம். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் மன்னர் கட்டியது. தன் பேரில் ஒரு கோயில், கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவர் பேரில் ஒவ்வொரு கோயில். இன்று இரண்டுதான் நிற்கின்றன, மூன்றாவது அடித்தளத்தோடு போயிற்று. ஆனாலும் கல்வெட்டில் பேர் இருப்பதால் ஆயிரம் வருஷம் கழித்தும் அந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது. எங்கள் தெருவில் குடம் தூக்குவது முழுக்கப் பெண்கள். வீட்டு வரி ரசீதுகளைப் படித்துக் காட்டுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அதில் பெண் பேர் இருப்பது அபூர்வம். தாத்தா பேர், செத்துப்போன பெரியப்பா பேர், பாகம் பிரிக்காத சித்தப்பா பேர். தண்ணீர் இணைப்பும் அவர்கள் பேரில்தான். ரேஷன் கார்டுக்கோ 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டில் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவராக வைக்கச் சொல்கிறது. அந்தக் கார்டை வைத்து இணைப்புக் கொடுத்தால் குடம் தூக்குகிறவர் பேரிலேயே குழாய் இருக்கும்.

டெபாசிட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். ஆயிரம் ரூபாய் என்பது ஆபீஸருக்கு ஒரு நாள் ஹோட்டல் பில். 2024-25ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 319 ரூபாய். அளந்து பார்த்துக் குறைத்துக் கொடுத்ததை விட்டுவிட்டால் கூட மூன்று நாள் கூலிக்கு மேலே. ரோடு வெட்டுகிற கட்டணம், பைப், பிளம்பர் கூலி எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஏறும். மொத்தமாக வை என்றால் வைக்க முடியாது. மாதம் ஐம்பது ரூபாயாகத் தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்து வாங்கினால் இருபது மாதத்தில் டெபாசிட் அடைந்துவிடும். செல்போனுக்கும் மிக்ஸிக்கும் தவணை கொடுக்கிற நாட்டில் குழாய்க்குக் கொடுத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. மாணவர் பேரவையில் இதைச் சொன்னபோது, "கட்டாம விட்டுட்டா?" என்று ஒருவர் கேட்டார். ஃபெரூலை அடைத்துவிட்டுப் போங்கள், அதற்குத்தானே அது இருக்கிறது!

மும்பைக்காரர்கள் போல வழக்குப் போட நம்மிடம் காசு இல்லை. ஆனால் நம் ஊர்களில் 2022 முதல் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு வைப்பதற்கு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். "ஊராட்சி எல்லைக்குள் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்ப அட்டைக்கும், வீட்டு வரி ரசீது இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடிநீர் இணைப்பு வழங்க வேண்டும். வைப்புத்தொகையைத் தவணையில் பெற வேண்டும். இவ்விணைப்பு நில உரிமைக்கு ஆதாரம் ஆகாது. இதற்கேற்ப விதிகளைத் திருத்துமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறோம்." கிராம சபை தீர்மானத்தால் மட்டும் விதி மாறிவிடாது. ஆனால் ஒரே வாசகத்தில் நூறு ஊரிலிருந்து தீர்மானம் போனால் மேலே யாராவது ஒருவர் படித்துத்தானே ஆக வேண்டும். நம் பாலிடெக்னிக்கில் எத்தனை ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறோம், யோசியுங்கள். டவுனில் இருப்பவர்கள் உங்கள் வார்டு கவுன்சிலரிடமே கொடுக்கலாம், அதற்கு வாடகைக்காரர்களைப் பற்றி ஒரு பத்தி தனியாகச் சேர்த்திருக்கிறேன்.

தீர்மானத்தின் நகல் இரண்டாம் ஆண்டு அமைப்பியல் வகுப்பில் இருக்கிறது. ஜெராக்ஸ் செலவு பக்கத்துக்கு ஒரு ரூபாய். வேண்டுபவர்கள் மதிய இடைவேளையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். உங்கள் ஊர்ப் பேரை நிரப்புவதற்கு மேலே இடம் விட்டிருக்கிறேன்.